திரும்பி வரமுடியாத கிண்ணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கித்தான் கைக்குப் பழக்கம், இந்த முறை அந்த வார்த்தை வர மறுக்கிறது. கடையைத் திறக்கிறேன், அடுப்பு எரிகிறது, ரொட்டி வேகிறது, அவ்வளவுதான் இங்கே நலம். நீ வேளைக்குச் சாப்பிடுவதாக உன் அறைத்தோழி சொன்னாள், அதை நம்பித்தான் இருக்கிறேன். நீ போனை எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன், பொய் எதற்கு, வருத்தம்தான். நீ பரீட்சை எழுதி வெளியே வந்த பிறகுதான் அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன், நீ உடனே போனை வைத்துவிட்டாய், அவ்வளவு தூரத்திலிருந்து காரியத்துக்கும் வந்து சேரவில்லை, அன்றிலிருந்து அந்தப் பெண்தான் எடுக்கிறாள். அவ இன்னும் பேசற நிலைமைல இல்ல அங்கிள் என்று ஒவ்வொரு தடவையும் அவள்தான் சொல்கிறாள். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ, அவளிடம் எரிந்து விழாதே.

உன் சித்தி வந்து கல்லாவில் உட்காருகிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. தன் அக்கா சாகக் கிடந்ததைப் பெற்ற பெண்ணிடமே மறைத்த மனுஷன் என்று வருகிற போகிறவர்களிடம் என் காதில் விழும்படி சொல்கிறாள், நானும் மாவைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். நேற்று மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். வாங்கிப் போனவர்கள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, நன்றாக இருந்தது என்றே சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. சரி, கடைக் கதையை விடு. அம்மாவிடம் நீ கடைசியாகப் பேசியது அதட்டலாகப் போய்விட்டதே என்று அழுகிறாயாம், படிப்பையே விட்டுவிடுவேன் என்கிறாயாம். உன் தோழி சொல்லித்தான் தெரியும். நீ போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்தவன் நான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கம்ப்யூட்டர் படிப்பில் அந்த ஆட்டோமேட்டா பாடத்தில் போன வருஷம் நீ தோற்றுப்போய் முடங்கிக் கிடந்தபோது, யாருக்காவது சொல்லிக் கொடுத்தால்தான் மண்டையில் ஏறும் என்று அம்மாவையே மெஷின் ஆக்கினாயே. கல்லா மேஜையில் பிஸ்கட் டப்பா மூடிகளைப் பரப்பிவைப்பாள், ஒவ்வொரு மூடியும் மெஷினின் ஒரு நிலை, ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூடி. நீ அங்கிருந்து போனில் ஏ, பி என்று எழுத்து எழுத்தாகச் சொல்வாய், நீ கொடுத்த விதிப்படி அவள் ஒரு ரஸ்க்கை ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்கு நகர்த்துவாள், எழுத்து முடியும்போது ரஸ்க் இரட்டை மூடியில் நின்றால் உள்ள வா என்பாள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. ரொட்டி வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இந்த மெஷினும் உங்கப்பாவும் ஒண்ணு, எப்படி இங்க வந்தோம்னு நினைப்பு இருக்காது, இப்ப எங்க நிக்கிறோம்னு மட்டும்தான் தெரியும் என்று நடுவில் என்னையும் வாருவாள். ஒன்றுதான் அவளுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. பி அடுத்தடுத்து வந்துவிட்டால் ரஸ்க் ஒரு நிலையில் போய் விழும், அதன் பிறகு எந்த எழுத்து வந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டும் என்றாய். ஒரு தடவை தப்பு பண்ணினா திரும்ப வரவே விடமாட்டீங்களா, இதென்ன ஈவிரக்கமில்லாத படிப்பு என்று உன்னோடு மல்லுக்கு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் அவள் அதை விடவில்லை. மருந்து ஊற்றிக் கொடுக்கும் குட்டிக் கிண்ணங்களை நர்சிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள், ரஸ்க்குக்குப் பதிலாக என் சட்டைப் பட்டன். பின்னால் என்ன சத்தம் என்று நீ கேட்டால் கடையில் கூட்டம் என்பாள். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு பரீட்சைய எழுதிட்டு வரட்டும், அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆகிடாது என்றாள், டாக்டரும் இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். அந்தச் சாயங்காலம் நீ சொன்ன எழுத்தில் பி-க்குப் பின்னால் பி வந்தது, பட்டனை எடுத்து வெளியே வரமுடியாத அந்தக் கிண்ணத்தில் போட்டாள், நீ மேலே மேலே சொல்லிக்கொண்டு போனாய், முடிந்ததும் வீட்டுக்குப் போ என்பதற்குப் பதில் உள்ள வா என்றாள். அதற்குத்தான் நீ அதட்டினாய், விளையாடாதம்மா, நாளைக்குப் பரீட்சை, இவ்வளவு நாள் சொல்லியும் புரியலையா என்று.

அவளுக்குப் புரிந்துதான் இருந்தது, பாப்பா. நீ வைத்ததும் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். "டீச்சர் மாதிரி அதட்டறா பாருங்க, இந்தத் தடவை பாஸ்தான்" என்றாள். பிறகு நான் கேட்காமலே, "வெளிய வர முடியாதுன்னு எனக்குத் தெரியும்ங்க, ஆனா அங்கயே விட்டுட்டுப் போனை வைக்க மனசு வரல" என்றாள். அவளே பட்டனை இரட்டைக் கிண்ணத்துக்கு மாற்றியிருந்தாள், நான் பார்த்தேன். அந்தச் சிரிப்போடுதான் தூங்கினாள். மறுநாள் காலை நீ பரீட்சை ஹாலுக்குள் போன நேரத்துக்கு அவள் மூச்சு நின்றுவிட்டது. உன் அதட்டல் அவளைக் காயப்படுத்தவில்லை, அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போனாள், இது சத்தியம்.

மறைத்தது யார் முடிவு என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக அவள் மேல் கோபப்பட்டுவிடாதே, அவளால் பதில் சொல்ல முடியாது. அவ்வளவையும் என் மேல் வை. ரிசல்ட் வந்தும் நீ பார்க்கவில்லையாம், மெதுவாகப் பார், படிப்பை விடுவதா வேண்டாமா என்பதை இந்த மனநிலையில் முடிவு செய்யாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒரு முறை போனை எடு. பேச வேண்டியதில்லை. எல்லோரும் அழுதார்கள், எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, நீ இல்லாமல் எப்படி அழுவது என்று தெரியவில்லை.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா