பொட்டில்லாத படம்

14 நவம்பர், வெள்ளி

போரில் காணாமல்போன இயக்கத் தலைவரின் மனைவியைப் பற்றிச் சிறுவர்களுக்கு நான் எழுதிய படப்புத்தகம் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாவின் நெற்றியில், விதவையைப்போல, பொட்டு இல்லை. கணவர் வருவார் என்று இன்றும் பொட்டு வைத்துக் காத்திருப்பவர். வரைந்தது இங்கே கனடாவில், பிறம்ரனில் பிறந்த பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்? பதிப்பாளன் குகன் படங்களை எனக்குக் காட்டவேயில்லை. அட்டையில் மட்டும் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறான்.

மாலையில் முன்பின் தெரியாத ஒருவன் அழைத்தான்.

"தலைவர் செத்திட்டார் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? உம்மட தங்கச்சி இப்பவும் கோப்பாயிலதானே?"

யாழ்ப்பாணத்தில் விடியும்வரை காத்திருந்து தங்கச்சியோடு பேசினேன்.

"நேற்று ரெண்டு பேர் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவை, அண்ணா. நல்ல மரியாதையான ஆக்கள். நீங்கள் எப்ப வாறியள் எண்டு கேட்டவை. பொங்கலுக்கு எண்டு சொன்னன்."