சும்மா கிடைத்த பாலர் பள்ளி

6 ஜனவரி 1986, திங்கள்
நல்ல வெயில். துணி பத்து மணிக்கே காய்ந்துவிட்டது. எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் அரசாங்கப் பாலர் பள்ளி திறந்திருக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர், எல்லாப் பிள்ளைகளுக்கும். கட்டணம் இல்லை, சாப்பாடும் அங்கேயே. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா: "சும்மாதான் சாந்தி. பேரக் குடுத்துட்டு வா லா."

சும்மா யார் தருவார்கள்? தேர்தல் வருகிறதோ என்னவோ. பிறகு தமிழ்ப் பள்ளிக்கு விடாமல் மலாய்ப் பள்ளிக்கே இழுத்துக்கொண்டால்? பிறப்புப் பத்திரம் எதற்கு இரண்டு நகல் கேட்கிறார்கள்? சாப்பாட்டில் மாட்டிறைச்சி இருந்தால்?

ஆனால் புதன் முதல் எனக்குக் காலை ஷிப்ட். மகள் கவிதாவுக்கு ஐந்து வயது, தனியாக விட முடியாது. பேர் கொடுத்தேன்.

7, செவ்வாய்
லீவு. நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் காதோடு சொன்னேன்: "அங்க குடுக்கிற எதையும் வாயில வைக்காத." தலையாட்டினாள். மலாய் டீச்சர். அளவுக்கு மிஞ்சிய சிரிப்பு. சுவரில் வரிசையாகப் பல் பிரஷ், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பேர். என் பிள்ளை பல் துலக்குவதில் அரசாங்கத்துக்கு என்ன அக்கறை? ஜன்னலோரம் அரை மணி நேரம் நின்றேன். பாட்டுதான் பாடினார்கள்.

9, வியாழன்
ஆறு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ். லெட்சுமி அக்காதான் கொண்டு விடுகிறார், மதியச் சோறும் அவர் வீட்டில். திரும்பி வந்ததும் கேட்டேன்.
"பள்ளியில என்ன சாப்பிட்ட?"
"ஒண்ணும் சாப்பிடலம்மா."
கெட்டிக்காரி. ராத்திரி ஐந்து தோசை. வளர்கிற பிள்ளை.

13, திங்கள்
டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். எதில் கையெழுத்துக் கேட்கப் போகிறாரோ. வீட்டுக்காரர்: "போய்த்தான் பாரேன். எல்லாத்துலயும் ஒனக்குச் சந்தேகம்."

15, புதன்
அரை நாள் லீவு. டீச்சர் காகிதம் எதையும் நீட்டவில்லை. பிள்ளைக்கு வயிற்றில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். மற்றவர்கள் சாப்பிடும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்க்கிறாளாம். ஒரு நாள்கூடத் தொடவில்லையாம். திங்கட்கிழமை மேசையிலேயே தலை சாய்ந்துவிட்டதாம்.

ஆறு மணிப் பாலோடு மதியம் வரை. என் பிள்ளையை நானே பட்டினி போட்டிருக்கிறேன். வெட்கம்.

மாட்டிறைச்சி இங்கே சமைப்பதே இல்லை என்றார். இன்று பச்சைப்பயறுக் கஞ்சி; கவிதாவின் முன் ஒரு கிண்ணம் வைத்தார். இருந்தும் முகர்ந்து பார்த்தேன், பழக்கம். கவிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்மா. அம்மாதான் சொல்றேன்ல."

கரண்டியைத் தொடவில்லை. டீச்சரைப் பார்த்தாள். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க."