ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாரம்

கான்பூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரின்சியாவின் தோத்திரம். தோள்வலி தேவலையா? தைலம் தீருமுன் வாங்கிவிடுங்கள். நான் நலம். போனில் பேசினால் என் குரலை வைத்தே அம்மா எதையாவது கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு கூத்து. ஒரே படகுத்துறைக்குப் பல படகுகள் மோதாமல் வந்துபோக, வாரம் முழுவதற்கும் அட்டவணை போடும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கணக்கெல்லாம் சரி, ஆனால் என் வாரத்தில் ஆறு நாள்தான் இருந்தது. ஏழாவது நாள் எங்கே என்று சார் ஆங்கிலத்தில் கேட்டார். நான் என்னை மறந்து, "ஞாயித்துக்கெழம யாரு சார் கடலுக்குப் போவா?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறந்ததிலிருந்து ஞாயிறன்று நம் வள்ளம் கரையில் கிடப்பதையே பார்த்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? கொஞ்சம் மார்க் போனது, அவ்வளவுதான்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஸ் கிடையாது. அறைத்தோழியும் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். பிஸ்கட் இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

முடிந்தால் கருவாட்டுப் பொடி அனுப்புங்கள். இன்னொன்று, அப்பா. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, எனக்குப் போன் போட்டுப் பாயின் நடுவில் வைத்துவிடுங்கள். யாரும் என்னோடு பேச வேண்டாம். மீன் தலைக்குத் தம்பி சண்டை போடுவது கேட்டால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

பிரின்சியா