கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்ற அத்தானுக்கு

என் அன்பான, என்னை இத்தனை வருஷம் நன்றாக ஏமாற்றிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எதிரே வந்து நின்றால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா சுகமா என்று கேட்க மாட்டீர்கள். கடை எப்படி என்றும் கேட்க மாட்டீர்கள். "ஏலே தாணு, நேத்து மேட்ச் என்னாச்சு?" என்பீர்கள். தோற்றோம், அத்தான். அதற்கு முந்தின ஆட்டமும் தோல்விதான். அதற்கும் முந்தினது டிரா. டிராவுக்கே சங்கத்தில் லட்டு கொடுத்தோம் என்றால் நம் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுகம்தான். ஆரியசாலைக் கடைத்தெருவில் நம் வெங்காய மண்டியை அவளும் நானுமாகப் பார்த்துக்கொள்கிறோம். வெங்காயத்தை இன்னமும் உள்ளி என்றுதான் சொல்கிறோம், லாரிக்காரனோடு இன்னமும் தினம் சண்டைதான். மாடியில் ரசிகர் சங்க அறையும் அப்படியே இருக்கிறது. நீங்களும் பெர்னார்டும் தோளில் கைபோட்டு நிற்கிற படத்தைத் தினமும் துடைக்கிறேன். வினை அந்தப் படத்தில் உங்களோடு நிற்கிறவனால்தான் வந்தது.

பெர்னார்டு யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். யாராவது உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஃபுட்பால் கிளப்புக்குப் பல வருஷம் கோலியாக நின்றவன். பூவாறு பக்கத்துக் கடற்கரைக்காரன், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் பேசுகிறவன். ஆட்டத்தை விட்ட பிறகு இப்போது கோட்டு மாட்டிக்கொண்டு டிவியில் உட்கார்ந்து கருத்து சொல்கிறான்.

போன மாதம் அந்தக் கோட்டோடு அவன் சொன்னது இதுதான். "நம்ம டீம் ஆரியசாலை உள்ளிச் சாக்கு மாதிரி. சாக்கு வாயைப் பிரிச்சா பத்து நிமிஷத்துக்கு நல்ல உள்ளி. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பாருங்க, எல்லாம் அழுகல். ரசிகர்கள் சாக்கு வாயை மட்டும் பார்த்துக் கைதட்டிட்டிருக்காங்க."

டீமைச் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்போம். ஆரியசாலை உள்ளியைச் சொல்லலாமா? மறுநாள் காலையிலேயே மிளகாய் மண்டி சண்முகம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உங்களுக்குப் பிறகு அவர்தான் சங்கத் தலைவர். "இது டீமுக்கு அடிச்ச அடி இல்லடே, கம்போளத்துக்கு, இந்தக் கடைத்தெருவுக்கே அடிச்ச அடி" என்றார். உள்ளியே விற்காத மனிதருக்கு அவ்வளவு ரோஷம்!

செயலாளர் என்ற முறையில் ஃப்ளெக்ஸ் வாசகம் எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. உங்கள் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, கீழே எழுதினேன்: 'கடைசி மூச்சு வரை கிளப்பை ஒரு வார்த்தை குறை சொல்லாத எங்கள் தலைவர் பகவதியப்பனின் பெயரால் கேட்கிறோம். நன்றி கெட்ட பெர்னார்டே, மன்னிப்புக் கேள்!' எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் எங்காவது ஓடி ஒளியலாம் போல் இருக்கிறது.

அரைமணி நேரம் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கினோம். லோக்கல் சேனல்காரர்கள் வந்தார்கள். சண்முகம் அண்ணாச்சி நம் கடை வாசலில் இருந்த ஒரு சாக்கைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, "கேமராவை இங்க காட்டுங்க. ஆரியசாலை உள்ளி அழுகலான்னு நாடே பாக்கட்டும்!" என்று தலைகீழாகக் கவிழ்த்தார்.

நாடே பார்த்தது, அத்தான். மேலே இருந்தது பளபளவென்று விழுந்தது. பிறகு அடியில் இருந்தது விழுந்தது. கேமராக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். சாயங்காலம் பெர்னார்டு பேசினதையும் சாக்கு கவிழ்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டார்கள். கொல்லம் வரைக்கும் சிரித்தார்களாம்.

நீங்கள் இருந்தவரை முழங்கை வரை கைவிட்டுப் பார்க்காமல் ஒரு சாக்கை இறக்க விட்டதில்லை. எந்த உள்ளி வியாபாரியும் செய்கிற வேலைதான். நான்தான் சட்டைக்கை அழுக்காகும் என்று சாக்கு வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மறுநாள் மத்தியானம் அக்கா சோற்றுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று இரண்டு தடவை படித்தாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்! நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதை எழுதினது எந்த மூதிலே?"

"நான்தான்க்கா."

"ஒரு வார்த்தை குறை சொல்லாதவரா? யாரு, உங்க அத்தானா? மேட்ச் முடிஞ்சு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவாங்கல்லா. கோச்சு, ரெஃப்ரி, நடுவுல நிக்கவன், ஓரத்துல ஓடுகவன் ஒருத்தனையும் விட மாட்டாங்க. சோறு ஆறிப்போகும், வசவு ஆறாது. சாக்கு வாயி, அடி உள்ளி எல்லாம் அவுங்க பேச்சுடே! அந்தக் கோலிப் பையனுக்கு அது எப்படிக் கிட்டுச்சின்னுதான் எனக்கு வெளங்கல்லே."

நான் நம்பவில்லை. சங்கத்தில் யாராவது கிளப்பைக் குறை சொன்னால் ஒரு மாதம் டீ கிடையாது என்று சட்டம் போட்டவரே நீங்கள்தானே? தோற்றுவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, "பரவால்லடே, பசங்க நல்லாத்தான் ஆடினாங்க" என்று என் முதுகைத் தட்டினவர் யார்?

அதற்குள் சண்முகம் அண்ணாச்சி அடுத்த தீர்மானத்துக்கு நாள் குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மாடியில் இருக்கிற அந்தப் படத்தைக் கழற்றி, பெர்னார்டு இருக்கிற பாதியை வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் பாதியை மட்டும் திரும்ப மாட்டவேண்டும். தீர்மானத்தைப் படித்துக் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். அவன் தோளில் கிடக்கிற உங்கள் கையை எங்கே வெட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெர்னார்டே கடைக்கு வந்து நின்றான். கோட்டு இல்லை, சாதாரண சட்டைதான். சாக்குச் சுமடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஃப்ளெக்ஸில் உங்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"தாணுச்சேட்டா, அதிலே ஒரு வரி தப்பு."

"எந்த வரி?"

"ஒரு வார்த்தை குறை சொல்லாதன்னு இருக்கில்லே, அது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். ஆட்டம் தொடங்கினதும் நீங்கள் எங்களைக் கேலரியில் விட்டுவிட்டு நம் கோல்போஸ்டுக்குப் பின்னால் போய் நிற்பீர்களே, ஹாஃப் டைமில் டீம் பக்கம் மாறினதும் மறுபக்கக் கோல்போஸ்டுக்கு நடந்து போவீர்களே, அதை நேர்ச்சை, சாமிக்கு வேண்டுதல் என்றல்லவா எங்களிடம் சொல்லிவைத்திருந்தீர்கள்? தூரத்தில் உங்கள் உதடு அசைவதைப் பார்த்து, "அண்ணாச்சி டீமுக்காக மந்திரம் சொல்லுகாரு" என்று சண்முகம் அண்ணாச்சி எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்!

"மந்திரமா? நல்ல மந்திரம்!" என்றான் பெர்னார்டு. "கோல் விழுந்தா, 'லே, மாமியா வீட்டுக்கா போகுது பந்து, வழிவிட்டு நிக்கே?'ன்னு கேப்பார். எடது தோள் பக்கம் தாழ்ந்து நிக்கேன்னு ஒரு சீசன் முழுக்கத் திட்டினார். அது சரிதான், கோச்சுகூட அதைப் பார்க்கலே. எல்லாரும் கைதட்டும்போ என் தப்பைச் சொல்ல அவர் ஒருத்தர்தான் உண்டாயிருந்தது. ஹாஃப் டைம் முடிஞ்சு அவர் நடந்து வந்து சேர்ற வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், சேட்டா."

"பின்னே டிவியிலே அவர் பேரைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சங்கத்துக்குத் தெரியக்கூடாதுன்னு என்கிட்டே சத்தியம் வாங்கியிருந்தார். பேரைத்தான் மறைக்க முடிஞ்சது. வாயைத் திறந்தா அவர் பேச்சுல்லே வருது!"

சிரிக்கத்தான் வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு கோலியிடம் சொல்லியிருக்கிறீர்கள். அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அத்தனை வருஷம் ஒரே ஸ்கூட்டரில் வந்த என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் என்ன அந்நியனா, அத்தான்?

பெர்னார்டுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காதான் பதில் சொன்னாள். "தோத்த அன்னிக்கு உன் மொகத்தை நீ பாத்திருக்கியாலே? ராத்திரி சோறு தின்ன மாட்டே. 'அவன்கிட்ட எப்படிக் கோமதி சொல்லுகது, அழுதிருவான்'னு உங்க அத்தான் சொல்லுவாங்க. அதான் உன்னைத் தட்டிக் கொடுத்துட்டு, வீட்டுல வந்து என் உயிரை எடுத்தாங்க."

நானும் பெர்னார்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானத்தைப் படிக்க எழுந்தேன். படிக்காமல் நடந்ததைச் சொன்னேன். ஒரே கூச்சல். "செத்தவரு பேரைக் கெடுக்காதேடே! அண்ணாச்சி தெய்வம்!" என்று சண்முகம் அண்ணாச்சி மேஜையில் அடித்தார். படத்தை இறக்க ஸ்டூல்கூடப் போட்டாயிற்று.

அப்போது மாடிப்படியில் அக்கா ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறைக்கு வந்ததே இல்லை. நேராகப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். "சண்முகம் அண்ணாச்சி, டீமைப் பத்தி அவுங்க சொன்னதைச் சொல்லட்டுமா, இல்ல உங்களைப் பத்திச் சொன்னதைச் சொல்லட்டுமா?"

"டீமைப் பத்தியே சொல்லு தாயி" என்றார் அவர்.

சொன்னாள். வருஷவாரியாகச் சொன்னாள். உங்கள் குரலில், உங்கள் கையாட்டத்தோடு சொன்னாள். யாருக்கு முட்டியில் எண்ணெய் இல்லை, யார் பந்தைக் கண்டால் கல்யாண வீட்டில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஒதுங்குவான், எல்லாம் வந்தது. முதலில் யாரோ ஒருவர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்தினார். பிறகு அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் சண்முகம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சத்தியமாச் சொல்லுகேன், நானும் வீட்டுல திட்டத்தான் செய்யேன்" என்றார். அவ்வளவுதான், ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பூஜையறையில் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவாராம். நீங்கள் டீயை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்து ஒரு சங்கமே ஊமையாக இருந்திருக்கிறது, அத்தான்!

படம் சுவரிலேயே இருக்கிறது, உங்கள் கையும் அவன் தோளிலேயே இருக்கிறது. ஃப்ளெக்ஸ் புதிதாக அடிக்க வேண்டாம் என்று வெள்ளைத்தாள் ஒட்டித் திருத்தினேன். இப்போது 'கடைசி மூச்சு வரை ஒரு தப்பையும் விடாத எங்கள் தலைவர்' என்று இருக்கிறது. 'மன்னிப்புக் கேள்' இருந்த இடத்தில் 'டீ குடிக்க வா' என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று மைதானத்தில் நான் கேலரிக்குப் போகவில்லை. கோல்போஸ்டுக்குப் பின்னால் போனேன். கம்பி வேலியோரம் நீங்கள் நின்று நின்று புல்லே முளைக்காமல் போன இடம் அப்படியே இருக்கிறது. அதில் நின்றேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பழக்கமில்லை பாருங்கள்.

முதல் கோல் விழுந்ததும் தானாக வந்துவிட்டது. "லே, மாமியா வீட்டுக்கா போகுது பந்து!" இப்போதைய கோலி வடக்கே எங்கிருந்தோ வந்தவன், தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது. நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு வந்ததே கோபம்! வேலியைப் பிடித்துக்கொண்டு, அவன் நிற்கிற இடம் தப்பு, இடது பக்கம் தள்ளி நில் என்று இரண்டு கையாலும் காட்டினேன். ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு நகர்ந்தான். அடுத்த பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது.

இருந்தும் தோற்றோம், அது வேறு விஷயம். ஹாஃப் டைமில் நானும் உங்களைப் போலவே மறுபக்கம் நடந்தேன். முட்டி வலி, மெதுவாகத்தான் போக முடிந்தது. பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தால், ஆட்டம் தொடங்கிவிட்டது, அந்தக் கோலி திரும்பித் திரும்பி வேலிப் பக்கம் பார்க்கிறான். யாரைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஓடினேன், அத்தான்.

இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அங்கேதான் நிற்பேன். பாராட்ட ஆள் நிறைய இருக்கிறது, திட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். தோற்ற அன்றைக்கும் சோறு தின்பேன், அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். காலையில் வந்த லோடில் ஒரு சாக்கையும் விடவில்லை, எல்லாவற்றிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காகிதம் நாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கை வரை உள்ளி வாசத்தோடு,
கோமதியின் தம்பி, உங்கள் மச்சினன்
தாணு