காற்று கசியவில்லை

செவிலிமேடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள அஞ்சுமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கலீம் எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகம்தான் என்று இன்று கண்ணால் பார்த்துவிட்டோம். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் குழு அங்கே பொகோட்டா நகரத்தில் ராத்திரி வாசித்த கச்சேரி இங்கே விடிந்த பிறகு நேரலையில் வந்தது. முதல் பாட்டில் சாக்ஸபோன், அடுத்ததில் கிளாரினெட். அவை இரண்டும்தான் நோய்க்குப் பிறகு உனக்கு ஏற்கெனவே திரும்ப வந்துவிட்டனவே, எனக்குப் பயமில்லை. அப்புறம் காங்கா மேளம் வேகமெடுத்தபோது நீ குனிந்து புல்லாங்குழலை எடுத்தாய். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு வருதா, காத்து வருதா பாருடா" என்றார்.

போன வருடம் முகவாதம் வந்து உன் வலது பக்கம் தொங்கிப்போனபோது, தண்ணீர் குடித்தால்கூட உதட்டோரம் வழியும். மூடாத கண்ணுக்கு நான் மருந்து விட்டு ஒட்டுப் போடுவேன். அப்போதெல்லாம் நீ அழவில்லை. புல்லாங்குழலை ஊதி வெறும் காற்று வந்த அன்றுதான் அழுதாய். "வாலாஜாபாத்ல அப்பாவோட கல்யாண பேண்டுல கிளாரினெட், சென்னையில ரெக்கார்டிங்குக்கு சாக்ஸபோன், வெளிநாட்டுல இந்த லத்தீன் ஜாஸ் குழுவுல புல்லாங்குழலும் சேத்து மூணும். மாத்தி மாத்தி வாசிப்பேன்னுதானே என்னை எடுத்தாங்க? ஒண்ணு போச்சுன்னா நான் யாருங்க?" என்று கேட்டாய். நீ கண்ணாடி முன்னால் 'ப, ப, ம, ம' என்று பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இன்று முதல் சுரம் சற்று மங்கலாகத்தான் வந்தது. உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டாய். பிறகு வந்தது பார்! டிரம்பெட்காரர் தன் முறை வந்தும் வாசிக்காமல், இன்னும் போ என்று சிரித்துக் கை காட்டினார். நீ போய்க்கொண்டே இருந்தாய். அம்மா அழுதுகொண்டே தாளம் போட்டார், தப்புத் தப்பாக.

வெளியே வந்தால் எதிர்வீட்டு ரேவதி நிற்கிறார். "அண்ணே, அண்ணி வாசிச்சாங்களா?" என்றார். "இன்னும் வாசிச்சிக்கினே இருக்காங்கமா" என்றேன். அவரும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழுவில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், புல்லாங்குழல் வந்தால்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தாயே. கையெழுத்துப் போட்டுவிடு. அம்மாவும் அதையேதான் சொல்கிறார்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்காராதே. குளிர்காற்று முகத்தில் படக்கூடாது. அல்லாஹ் உன் மூச்சுக்குத் துணையிருப்பான்.

பெருநாளுக்கு உனக்கு என்ன நிறத்தில் பட்டு எடுக்கட்டும் என்று அம்மா கேட்கிறார். நிறத்தை மட்டும் எழுது. எப்போது வந்து கட்டுவாய் என்று நான் கேட்கவில்லை. பட்டுச் சேலையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைத்தால் கெடாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
கலீம்