பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே சாரம் பகுதியில் நான் மனநல ஆலோசகராக இருக்கும் கிளினிக்குக்கு ராஜாம்பாள் என்பவர் வருகிறார். கடலில் இறந்த கணவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார் என்பார். அது துக்கம்தான் என்று முதலில் விளக்கினேன், பேச்சையே நிறுத்திவிட்டார். பிறகு நம்புவதாக நடிக்காமல், மறுக்காமல், “அவர் என்ன சொல்றாரு?” என்று மட்டும் கேட்டேன். அன்றுதான் அழுதார். இப்போது தூங்குகிறாராம்.

நேற்று கிளம்பும்போது, “உங்க பின்னால ஒரு அம்மா மூக்குக்கண்ணாடி இல்லாம தடவிக்கினு நிக்கிறாங்க, மேடம்” என்றார். சிரித்தேன். உம்மா மவுத்தாகி நம்மை விட்டுப் போனதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பழக்கத்தில், “என்ன சொல்றாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“உங்க முகம் தெரியலையாம்.”

பயப்படாதீர்கள், வாப்பா. ஆலோசனைக்கு அடுத்தவர் வந்துவிட்டார், முடிக்கிறேன். பீரோவில் இருக்கும் உம்மாவின் கண்ணாடியைக் கூரியரில் அனுப்புங்கள்.

உங்கள் லமீஸ்