அந்த இரண்டாவது பை

கும்மிடிப்பூண்டி
ஆகஸ்ட் 2007

என் அருமை மகள் வினோதாவுக்கு நைனா எழுதுவது. மாப்பிள்ளை மணவாளனும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும், உன் உடம்பும் தேற வேண்டும் என்று தினமும் சாமியைக் கேட்கிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். உன் தம்பி குணாளன் பிழைத்துக்கொண்டான். மெல்பர்னில் இப்போது குளிர் என்று மாப்பிள்ளை சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போது காதை மூடிக்கொள், பச்சைக் காய்கறி எதையும் தின்னாதே, கஞ்சியாவது வைத்துக் குடி. மில்லில் என்னை க்ரேன் ஓட்டும் வேலையிலிருந்து இறக்கி கேட்டில் உட்காரவைத்துவிட்டார்கள், கண் சரியில்லை என்று.

போன வாரம் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட்டாகவில்லை, நான்தான் போனை வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தம்பியின் ரத்தப் புற்றுக்காக நீ கொடுத்த ஸ்டெம் செல்லில் ஒரு பை சென்னை ஆஸ்பத்திரியில் உறையவைத்திருக்கிறதே, அதை எப்போது அனுப்புவார்கள் என்று மறுபடியும் கேட்டார். முதல்முறை அவர் கேட்டபோது பார்க்கலாம் என்றேன், அப்போது பை இருந்தது. இப்போது இல்லையம்மா. தம்பிக்கு ஏற்றியாகிவிட்டது. உனக்கு வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் ஏற்றச் சொன்னேன். வேறு யார் வாயாலும் இதை நீ கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நீ கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு கையிலும் குழாய் சொருகி, மெஷின் உன் ரத்தத்தை இழுத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி விட்டது. எலும்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். ஒரு பையை அன்றே அவனுக்கு ஏற்றினார்கள். நோய் திரும்பினால் உதவும் என்று இரண்டாவதை நைட்ரஜன் தொட்டியில் போட்டுவைத்தார்கள், அந்தக் குளிரில் எத்தனை வருஷமானாலும் சாகாது என்றார் டாக்டர். சித்திரையில் அவனுக்குத் திரும்பியது. மருந்தில் நோயை அடக்கிவிட்டு அந்தப் பையை ஏற்றலாம், போதாவிட்டால் உன்னை வரவழைத்துப் புதிதாக எடுக்கலாம் என்றிருந்தோம், ஆனியில் உனக்கே நெறிகட்டிப் புற்றுநோய், எலும்புக்குள்ளும் போய்விட்டது என்று செய்தி வந்தது. நோய் வருவதற்கு முன் எடுத்த உன் சொந்த செல்தான் உனக்கு நல்லது என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இங்குள்ளவரும் அதையே சொன்னார். ஆளுக்குப் பாதி கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பாதி யாருக்கும் போதாது, இரண்டு பேரும் போவார்கள் என்றார். குடும்பமாகப் பேசி முடிவு சொல்லுங்கள் என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் அம்மா மீஞ்சூர் தாண்டியதும், "ரெண்டுத்தையும் பெத்தவ நானு. என்னாண்ட கேக்காத. நீ இன்னா பண்றியோ பண்ணிக்க, அதுக்கப்பறம் என் மூஞ்சில முழிக்காத" என்றாள். மறுநாள் நான் மட்டும் போய்க் குணாளனுக்கே ஏற்றுங்கள் என்றேன். உனக்குப் புருஷன் இருக்கிறார், பெரிய நாடு, உலகமெல்லாம் தேடி வேறு ஆளைப் பிடிப்பார்கள், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் அப்படி எழுத மாட்டேன். எனக்குக் கொள்ளி வைக்க அவன் வேண்டும் என்று நினைத்தேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போனவள் என்று நினைத்தேன். நாளைக்கு மறுபடியும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பையை வெந்நீரில் உருக்கி ஏற்றும்போது அது கெடாமலிருக்கக் கலந்த மருந்தால் அறை முழுக்க அழுகின பூண்டு நாற்றம், அவன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். அத்தனை வருஷம் உறைந்து கிடந்தும் உன் செல் ஒன்றும் கெடவில்லை, நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் என் கையைக் குலுக்கினார். சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். அம்மா எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிர்வீட்டு முத்தம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாள், பேச்சு நின்று எத்தனையோ நாளாயிற்று. குணாளன் நேற்று வீட்டுக்கு வந்தான். வந்ததும், "நைனா, அக்கா ஏன் போனே பண்ல? என் மேல இன்னா கோவம் அதுக்கு?" என்றான். உனக்கு வேலை அதிகம் என்றேன். உனக்கு நோய் என்றே அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவான், ஏற்றியதும் வீணாகும்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று இந்தக் கையாலேயே எழுதுகிறேன், உனக்குக் கசக்கும், ஆனாலும் என் ஆசீர்வாதம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு மறக்காமல் போன் செய். குரல் தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய். மூச்சு வாங்கினால் மாடிப்படி ஏறி வந்தேன் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் நைனா
துளசிராமன்